முட்டைக்கா, ஊசிக்கா?

என் மகளின் கிளினிக் புத்தகத்தில் ஒன்பதாம் மாத ஊசிக்கு நேரே உள்ள கட்டத்தில் 2017 ஜூன் மாதத்துத் திகதி எழுதப்பட்டிருக்கிறது. அவள் பிறந்தது 2016 மே மாதம். விரல்விட்டு எண்ணிப் பார்ப்பவர்களுக்கு மிச்சம் விளங்கிவிடும். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் எதிராக, பெப்ரவரியில் போட்டிருக்க வேண்டிய எம்.எம்.ஆர். ஊசியை நான் நான்கு மாதம் தள்ளிவைத்தேன். மறந்துபோய்த் தவறவிடவில்லை. நானே எடுத்த முடிவு அது.

தெஹிவளையில் இருக்கும் என் சித்தியின் மகள் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். "அக்கா, பிள்ளைக்கு எந்த ஊசியை எப்போது போடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் தாயும் தகப்பனும்தானே?" என்று கேட்டாள். ஆம் என்றுதான் சொன்னேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த நான்கு மாதக் கதையையும் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லத் தொடங்கினேன், பாதியில் அவளுடைய பிள்ளை பசித்து அழுதது, கதை நின்றுபோனது. முழுக்கதையையும் இங்கே எழுதுகிறேன்.

நான் கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகி 2014இல் வெள்ளவத்தைக்கு வந்தேன். வெள்ளவத்தையில் தமிழ் மட்டும் தெரிந்த ஒருத்தி நிம்மதியாக வாழலாம். மரக்கறி வாங்கலாம், கோயிலுக்குப் போகலாம், தையற்கடையில் சட்டைக்கு அளவு கொடுக்கலாம். அந்தத் தமிழ் கிளினிக் வாசலோடு நின்றுவிடும் என்பது மகள் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தந்த இளஞ்சிவப்பு அட்டைப் புத்தகம் சிங்களத்தில் இருந்தது. உள்ளே இருந்த நிறைக் கோடும் எண்களும் எனக்கு விளங்கின, எழுத்துகள் விளங்கவில்லை. இரண்டாம், நான்காம், ஆறாம் மாத ஊசிகளுக்கு எனக்குத் தேவைப்பட்ட சிங்களம் மூன்று சொற்கள்தான். "உண ஆவொத் பனடோல்." காய்ச்சல் வந்தால் பனடோல். தாதி சொல்வார், நான் தலையாட்டுவேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவேன்.

எட்டாம் மாதத்தில் அவளுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கொஞ்சம் ஊட்டினேன். பத்து நிமிடத்தில் கன்னத்திலும் கழுத்திலும் தடித்துச் சிவந்தது. மாலைக்குள் இறங்கிவிட்டது, மூச்சுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ ஒரு தோழி சொன்னாள், அடுத்து வரும் ஊசி முட்டையில் வளர்க்கப்படுவது, கேட்டுவிட்டுப் போடு என்று. நல்ல எண்ணத்தோடு சொன்னாள். கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று நானும் முடிவு செய்தேன்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை கிளினிக்குக் கேட்கப் போனேன். எனக்குப் பின்னால் ஏறக்குறைய இருபது தாய்மார். என் முறை வந்ததும் பிள்ளையின் கன்னத்தைக் காட்டி "பித்தர" என்றேன். முட்டை என்பதற்கு எனக்குத் தெரிந்த சொல் அது, கடையில் வாங்குவதற்காகக் கற்றுக்கொண்டது. விரல்களால் தடிப்பைப் போலச் செய்து காட்டினேன். தாதி பிள்ளையைப் பார்த்தார், சிரித்தார். "ஹொந்தய், தென்ன" என்றார்.

நல்லது, கொடுங்கள்.

எதைக் கொடுக்கச் சொன்னார்? முட்டையையா, ஊசியையா? முட்டை கொடுக்கலாமா என்று நான் அனுமதி கேட்டதாக நினைத்தாரா? அல்லது தடிப்பெல்லாம் ஒன்றுமில்லை, ஊசிக்குப் பிள்ளையைக் கொடுங்கள் என்றாரா? திருப்பிக் கேட்க என்னிடம் சொல் இல்லை. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஊசி மருந்தை எடுக்க அவர் கையை நீட்டினார், நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு "பஸ்ஸே" என்றேன். பிறகு. அதுவும் பஸ்ஸிலும் கடையிலும் கேட்டுப் பழகிய சொல்தான். அந்த ஒரு சொல்லில் என் முடிவு முடிந்துவிட்டது.

அந்தத் தாதியின் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஒரு காலைப்பொழுதில் எத்தனை பிள்ளைகளை அவர் பார்க்க வேண்டும் என்பதை நான் என் கண்ணாலேயே கண்டேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எனக்குத் தமிழில் பதில் வந்தது. திருச்சியில் இருக்கும் கணவரின் பெரியம்மா ஓர் ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். 2017 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ருபெல்லா ஊசி போடும் பெரிய இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அதோடு வதந்திகளும் கைப்பேசிகளில் கிளம்பின, பெற்றோர் பயந்து பின்வாங்கினார்கள், அரசு காலக்கெடுவை நீட்டித்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்று கேட்டது ஒரு பெண்ணின் குரல். நிதானமான, அன்பான குரல். தட்டம்மை என்று அவர் சொன்னது எங்கள் ஊரில் சின்னமுத்து என்று நாங்கள் சொல்வதைத்தான் என்று விளங்கிக்கொள்ள ஒரு நிமிடம் பிடித்தது. ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வரும், பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இராது, இது வெளிநாட்டாரின் திட்டம் என்று அந்தக் குரல் சொன்னது. இடையிடையே "தாய்மார்களே, உங்கள் பிள்ளை, உங்கள் முடிவு" என்றது.

ஆறு தடவை கேட்டேன். என் மொழியில், என்னை நோக்கி, அவசரப்படாமல் ஒருவர் பேசியது அந்த ஒன்பது மாதங்களில் அதுதான் முதல் தடவை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். ஊசிக்குத் தயங்கும் தாய்மாரை அறியாமை பிடித்தவர்கள் என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. நான் உயர்தரம் வரை படித்தவள், கணக்குப் பதிவு வேலை செய்தவள். எனக்கு ஒரு கேள்வி இருந்தது, சரியான கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர் சிங்களத்தில் பேசினார், பொய் சொன்னவர் தமிழில் பேசினார். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. அதற்குப் பிறகு முப்பது வருடங்கள் கழிந்திருந்தன, முட்டை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தலைநகரத்தில் நான் நின்றேன்.

கணவருக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் கிளினிக் நடப்பது வேலை நாள் காலையில். "நீயே பார்த்துச் செய், உனக்குத்தான் தெரியும்" என்றார். நம்பிக்கையோடு சொன்னது அது, எனக்குப் பாரமாக விழுந்தது. பெற்றோரின் முடிவு என்று எல்லோரும் பன்மையில் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் அது இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு பெண் தனியாக எடுக்கும் முடிவு. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதல் கேள்வி அவளை நோக்கித்தான் வரும். போட்டிருந்தாலும் வரும், போடாவிட்டாலும் வரும்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் எங்களை வளர்த்தது போர்க்காலத்தில். தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கிகளைச் சில நாள்கள் தாழ்த்திவைத்த காலம் அது. இலங்கையில் கடைசி போலியோ நோயாளி 1993இல் கண்டறியப்பட்டார். 1994இல் பிறந்த என் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சொட்டு மருந்துக்காக அம்மா வரிசையில் நின்றிருக்கிறார். "அப்போது எங்களுக்கு யாரும் ஒன்றும் விளக்கவில்லை பிள்ளை, ஆனால் வருத்தத்தைக் கண்ணால் பார்த்திருந்தோம்" என்றார். சின்னமுத்து வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதையும், அம்மாள் வந்திருக்கிறாள் என்று ஊரே குரல் தாழ்த்திப் பேசியதையும் நினைவுபடுத்தினார். நான் அதையும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். மார்ச் போனது, ஏப்ரல் போனது.

மே கடைசியில் கதவு தட்டப்பட்டது. எங்கள் பகுதி மருத்துவமாது நின்றார், சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும், கையில் பெரிய பதிவேடு. வேர்த்து நனைந்திருந்தார், எங்கள் வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. அவரோடு கீழ்வீட்டு ஆன்ட்டியும் வந்திருந்தார். ஆன்ட்டி மருதானையில் பிறந்த முஸ்லிம் பெண். தமிழ் வீட்டு மொழி, சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு. அவருடைய மகள் வேலைக்குப் போவதால் ஐந்து மாதப் பேத்தியைப் பகலில் அவர்தான் பார்த்துக்கொண்டார். மாலையில் பேத்தியை மேலே கொண்டுவருவார், அவளும் என் மகளும் ஒரே பாயில் கிடந்து ஒரே கிலுகிலுப்பையை மாறி மாறி வாயில் வைப்பார்கள்.

திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். மருத்துவமாது ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆன்ட்டியிடம் ஏதோ சொன்னார். ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: "மகள், நீங்கள் பயப்படுவது முட்டைக்கா, ஊசிக்கா?"

கிளினிக்கில் நான் நடித்துக் காட்டியது யார் வழியாகவோ அந்த மருத்துவமாதுவின் காதுக்குப் போயிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டையையும் சொன்னேன், ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டினேன். மருத்துவமாது தமிழ் விளங்காவிட்டாலும் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். ஆன்ட்டி ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். மருத்துவமாது, "முட்டைக் கேள்வியை டொக்டரிடம் கேட்போம், நானும் கூட நிற்கிறேன்" என்றார். ஒலிப்பதிவுக்கு அவர் சொன்னது ஒன்றுதான். "இந்த வீதியில் எனக்கு இருபத்திரண்டு வருடம். நான் கூட நின்று ஊசி போட்ட பெண்கள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்."

ஜூன் முதல் வாரத்தில் மூவரும் போனோம். டொக்டர் எனக்கு ஏழெட்டு நிமிடம் ஒதுக்கினார். தடிப்பு எவ்வளவு நேரம் இருந்தது, வாந்தி வந்ததா, மூச்சு இழுத்ததா, பசுப்பால் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். பிறகு விளக்கினார். சின்னமுத்துக் கிருமியை வளர்ப்பது கோழிக் கருவின் கலங்களில். முட்டையின் புரதம் ஊசி மருந்தில் இருப்பது மிக மிகச் சொற்பம், முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கும் இதைப் போடலாம். முன்பு ஒரு தடவை இதே ஊசிக்கோ, அதில் சேரும் ஜெலட்டின் போன்ற பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வரலாம். மிக அரிதாக, சில ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு, அந்தக் காய்ச்சலில் வலிப்பும் வரலாம், அதையும் மறைக்காமல் சொன்னார். அப்படி வந்தால் என்ன செய்வது என்றும் சொன்னார். மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு மற்றதிலும் நம்பிக்கை வந்தது.

ஊசி போட்டார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் உட்காரவைத்தார்கள். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது, பனடோல் கொடுத்தேன், மறுநாள் விட்டது. ஒரு வயதில் போட வேண்டிய மூளைக்காய்ச்சல் ஊசி ஜூலைக்குத் தள்ளிப்போனது. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வார இடைவெளி விட வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். ஆட்டிசக் கதையின் வேர் 1998இல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரை. அதில் ஆராயப்பட்டவர்கள் பன்னிரண்டு பிள்ளைகள். 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதிய அன்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயர் அதே வருடம் பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. பன்னிரண்டு பேரின் கதை திருச்சி வழியாக என் வீட்டுக்கு வந்தது, ஆறரை லட்சம் பேரின் கதை வரவில்லை.

இன்னொன்றும் படித்தேன், அது என்னை உலுக்கியது. எம்.எம்.ஆர். முதல் ஊசி முன்பு ஒரு வயதில்தான் போடப்பட்டது. 2013இலும் 2014இலும் இங்கே சின்னமுத்து பரவியபோது ஊசி வயதுக்கு வராத கைக்குழந்தைகள் பலர் அகப்பட்டார்கள். அதனால்தான் 2015இல் அதை ஒன்பதாம் மாதத்துக்கு முன்தள்ளினார்கள். குழந்தைகளுக்காக முன்னுக்குக் கொண்டுவந்த திகதியை நான் மறுபடி பின்னுக்குத் தள்ளியிருந்தேன்.

சித்தியின் மகளுக்கு வருகிறேன். அவளுடைய குழப்பம் வேறு விதமானது. தனியார் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் குறைவான கூட்டு ஊசி போடலாம் என்கிறார்கள், காசு கொடுத்து நியூமோனியா போன்றவற்றுக்கு எதிரான நியூமோகொக்கல், வயிற்றோட்டத்துக்கு எதிரான ரோட்டா எல்லாம் போடலாம் என்கிறார்கள், எது வேண்டும் என்று கேட்டாள். இதில் உண்மையாகவே பெற்றோர் தெரிவு செய்ய இடமிருக்கிறது. அரச கிளினிக்கின் கூட்டு ஊசியில் குக்கல் இருமல் கிருமி முழுதாக இருக்கிறது, அதனால் காய்ச்சல் கூடுதலாக வரும். தனியார் ஊசியில் கிருமியின் சில பகுதிகள் மட்டுமே, காய்ச்சல் குறைவு, ஆனால் குக்கலுக்கு எதிரான பாதுகாப்பு சற்றுச் சீக்கிரம் தேய்கிறது. கையில் காசிருந்தால் தனியார் ஊசியைப் போடு, இல்லாவிட்டால் இலவச ஊசியைப் போட்டுவிட்டு ஓரிரவு விழித்திரு, இரண்டும் நல்ல தாயின் முடிவுதான் என்றேன். நியூமோகொக்கலுக்குச் சேமித்துப் போடச் சொன்னேன், அது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் எதையும் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பதை இந்த வரிசையில் இன்னொரு தெரிவாக வைக்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அப்போதுதான் பிள்ளை அழுதது. அவளுக்குச் சொல்லாமல் விடுபட்டது இதுதான்.

2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 2023 நடுப்பகுதியில் அது கொழும்பில் மறுபடி தலைகாட்டியது. 2024 ஜனவரியில், கொழும்பு உட்படச் சில மாவட்டங்களில் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஓர் எம்.எம்.ஆர். போட அழைத்தார்கள். என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நான் "தெமள பொத்த" என்று கேட்டிருந்தேன், அலுமாரியைத் திறந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்துத் தந்தார்கள். கிளினிக்கில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைச் சிங்களத்தில், தமிழ் எழுத்தில் எழுதி அந்தப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். முதல் கேள்வி, ஒன்பதாம் மாதத்தில் போடப்போவதை ஏன் இப்போதும் போடுகிறீர்கள்? தாயிடமிருந்து கிடைத்த பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும், ஊசி வயது வருவதற்கு முன் ஓர் இடைவெளி இருக்கிறது, நோய் அந்த இடைவெளியில் புகுகிறது என்றார்கள். நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அந்தக் காற்றில் நிற்கும், தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றும் என்றும் சொன்னார்கள்.

திரும்பி வந்து எங்கள் படிக்கட்டின் அடியில் நின்றேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு. 2017இல் ஊசி போடாத என் பிள்ளை கிடந்த பாயில் கிடந்த ஆன்ட்டியின் பேத்தி, சரியாக அந்த இடைவெளியில் இருந்தாள்.

கதவைத் தட்டினேன். பேத்தி பாடசாலையிலிருந்து வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியை உள்ளே அழைத்துக் கேட்டேன், அன்றைக்கே உங்களுக்கு இது தெரியுமா என்று.

"தெரியும் மகள். மருத்துவமாது மிஸ் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார், பேத்தியை நிறுக்க. மேல்வீட்டுப் பிள்ளைக்கு ஊசி இன்னும் போடவில்லை, சின்னவளை மேலே கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னார். அதைக் கேட்டுத்தான் நான் படியேறி வந்தேன்."

"ஏன் ஆன்ட்டி என்னிடம் சொல்லவில்லை?"

"ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். என் பயத்தையும் உங்கள் தலையில் இறக்கினால் கதவைச் சாத்தியிருப்பீர்கள்." தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "அந்தக் கிழமை மட்டும் சின்னவளை நான் மேலே கொண்டுவரவில்லை. தடிமல் என்று சொன்னேன். அதுவும் பொய்தான்."

எனக்கு அந்தத் தடிமல் நினைவிருக்கிறது. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் கீழே கொடுத்தனுப்பியிருந்தேன்.